போர்க்காலத்தில் என் பதிவை மறைத்தது யார்? எங்கே போய்க் கேட்பது?

ராயப்பேட்டை அச்சுக்காரன்:
2025-ல் என் பதிவை மறைத்ததோடு தொடங்கியதல்ல, 2009-லிருந்தே மனதில் கிடக்கும் விஷயம் இது. அப்போது ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் டிடிபி வேலை பார்த்தேன். வேலை முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து ஈழச் செய்தித் தளமான தமிழ்நெட்டைத் திறந்து, இலங்கையில் போர் நடந்த வன்னிப் பகுதிச் செய்திகளைப் படிப்பேன். முக்கியமானதைப் பிரிண்ட் எடுத்து டீக்கடையில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். இலங்கையில் அந்தத் தளத்தை 2007-லேயே தடுத்துவிட்டார்கள். 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னார்கள். அதற்குப் பிறகு உள்ளே நடந்ததை எண்ணிச் சொல்ல வெளியாள் யாரும் இல்லை.

இங்கே நாங்கள் போரை நிறுத்தச் சொல்லி மனிதச் சங்கிலிக்கு நோட்டீஸ் அடித்தோம், மழையில் கைகோத்து நின்றோம். 2009 மே 13 அன்று ஓட்டும் போட்டோம். மே 18-ல் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு சொன்னது 2011-ல். எந்தக் கட்சி மேடைக்கும் போவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தவன்தான், இன்று வரை போகவில்லை.

ஆனால் எழுதுவதை விடவில்லை. 2025 மே மாத இந்தியா-பாகிஸ்தான் சண்டையின்போது காஷ்மீர் எல்லையில் பூஞ்ச் பகுதியில் பீரங்கிக் குண்டு விழுந்து செத்த நம் நாட்டுக்காரர்களைப் பற்றி ஒரு சமூக வலைத்தளத்தில் எழுதினேன். எல்லையோரத்தில் பதுங்கு குழிகள் ஏன் போதவில்லை என்று கேட்டேன், அவ்வளவுதான். பதிவு மறைந்தது. ‘சட்டக் கோரிக்கையின் பேரில் இந்தியாவில் காட்டப்படாது’ என்று ஒரு வரி மட்டும் வந்தது. யார் கேட்டது, எந்தச் சட்டம், எதுவும் இல்லை. அதே வாரம் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்கச் சொல்லி அரசு உத்தரவிட்டதாக எக்ஸ் நிறுவனமே அறிவித்தது. தி வயர் செய்தித் தளமும் சில நேரம் திறக்கவில்லை. எங்கள் தெருவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எனக்குத்தான் தூக்கம் போனது.

அந்த உத்தரவைப் பார்க்க எனக்கு உரிமை உண்டா?

பாரிமுனை வக்கீல்:
உண்டு ஐயா, ஆனால் சுலபம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவில்தான் பெரும்பாலும் முடக்குகிறார்கள். அதற்கான 2009 விதிகளில் 16-வது விதி எல்லாவற்றையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. எழுதியவருக்கு ‘அல்லது’ தளத்துக்கு நோட்டீஸ் என்று விதியில் இருப்பதால், தளத்துக்கு மட்டும் அனுப்பிவிட்டு உங்களை விட்டுவிடுகிறார்கள். 2015 மார்ச் 24-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்கும் 66ஏ-வை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே தீர்ப்பு 69ஏ-வை விட்டுவைத்தது. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அதை எதிர்த்து ரிட் மனு போடலாம் என்பதால்தான் விட்டுவைத்தது.

முதலில் அந்த ஒரு வரி அறிவிப்பைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எந்தப் பிரிவு என்று தளத்துக்கே எழுதிக் கேளுங்கள், அரசு சொல்லியும் நீக்காவிட்டால் தளம் சட்டப் பாதுகாப்பை இழக்கும் என்ற 79(3)(பி) என்றால் வழி வேறு. அப்புறம் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்கள். மறுப்பார்கள். அந்த மறுப்புக் கடிதமும் உயர் நீதிமன்றத்தில் உதவும்.

ஆவடி முன்னாள் படைவீரன்:
அண்ணே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் 2008 மும்பைத் தாக்குதலை மறந்துவிடாதீர்கள். கமாண்டோக்கள் நகர்வதை டிவி நேரலையில் காட்ட, அதைப் பாகிஸ்தானில் உட்கார்ந்து பார்த்தவர்கள் உள்ளே இருந்த தீவிரவாதிகளுக்குப் போனில் சொன்னார்கள். உச்ச நீதிமன்றமே 2012-ல் கசாப் வழக்கில் அதைக் கண்டித்தது. சண்டை நடக்கும்போது ஒவ்வொரு பதிவையும் உட்கார்ந்து ஆராய நேரம் இருக்காது.

முத்துநகர்ப் பெண்:
நான் தூத்துக்குடி, இப்போது வேளச்சேரியில் இருக்கிறேன். எங்கள் ஊரில் போர் எதுவும் நடக்கவில்லை. 2018-ல் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் மே 22, 23 இரண்டு நாளும் போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். 23-ம் தேதி தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினார்கள். வதந்தி பரவுகிறதாம். என் தம்பி பக்கத்துத் தெருவில் எடுத்த வீடியோவை அனுப்ப முடியாமல் போனில் அழுதுகொண்டே விவரம் சொன்னான், நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் போலீஸ் மீறல் என்று சொன்ன அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2022 அக்டோபரில். அந்த நான்கு வருடமும் செத்தவர்களைத்தான் கலவரக்காரர்கள் என்றார்கள். நேரம் இல்லாமல் நிறுத்தினார்கள் என்று என்னால் நம்ப முடியாது சார்.

ராயப்பேட்டை அச்சுக்காரன்:
தம்பி ஆவடி, படை நகர்வை யாரும் எழுதக் கூடாது, அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நான் எழுதியது செத்தவர்களைப் பற்றி. அதே நாட்களில் கராச்சி துறைமுகம் அழிந்தது என்று டிவிகள் பொய் சொன்னதை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். அந்த டிவிகள் ஓடிக்கொண்டுதானே இருந்தன? மகளே, அந்த நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள். வக்கீல் ஐயா, ஆர்டிஐ மனுவைத் தமிழில் எழுதலாமா? எனக்கு ஆங்கிலத்தில் எழுத வராது.

பாரிமுனை வக்கீல்:
தாராளமாக எழுதலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவு அந்தந்தப் பகுதியின் ஆட்சிமொழியை ஏற்கிறது. பத்து ரூபாய்க்கு போஸ்டல் ஆர்டர் இணையுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ மறுத்தாலோ முதல் மேல்முறையீடு. அனுப்பும் முன் மனுவை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.