அப்பாவுக்கு டி.எம்.டி பாசிட்டிவ்: உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டுமா?

வைகைக்கரை:
அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. போன வருடம் ஆஞ்சியோ எடுத்தபோது ஒரு ரத்தக்குழாயில் 60 சதவீத அடைப்பு, மாத்திரை போதும் என்றார்கள். இப்போது மாடிப்படி வேகமாக ஏறினால் நெஞ்சு லேசாக இறுக்குகிறது, நின்றால் போய்விடுகிறது. அதனால் டி.எம்.டி (டிரெட்மில்லில் நடக்கவைத்து ஈ.சி.ஜி பார்க்கும் சோதனை) எடுத்தோம். ரிப்போர்ட்டின் அடியில் ‘பாசிட்டிவ்’ என்று இருப்பதைப் பார்த்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. டாக்டரைப் பார்க்க வியாழக்கிழமைதான் டோக்கன் கிடைத்திருக்கிறது, அதற்குள் சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு ஸ்டென்ட் (அடைப்பை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்துவிடு என்கிறார்கள். ரிப்போர்ட்டில் உள்ளது: புரூஸ் முறை (3 நிமிடத்துக்கு ஒரு கட்டமாக வேகமும் சரிவும் கூடும்), 6 நிமிடம் 30 வினாடி, எஸ்.டி இறக்கம் (ஈ.சி.ஜி கோட்டின் எஸ்.டி பகுதி கீழிறங்கிய அளவு) 1.5 மி.மீ., நடுவில் லேசான நெஞ்சு இறுக்கம், நிறுத்தியது கால் சோர்வால். நாடித்துடிப்பு அதிகபட்சம் 128, நின்ற ஒரு நிமிடத்தில் 106. பி.பி 130-லிருந்து 170 வரை ஏறியிருக்கிறது. இது எவ்வளவு ஆபத்து?

டிரெட்மில்_அறை:
தம்பி, நான் டி.எம்.டி அறையில்தான் வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட் வாங்குகிற எல்லோரும் முதலில் அந்தக் கடைசி வரியைத்தான் படிக்கிறார்கள். அப்பாவுக்கு அடைப்பு இருப்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம், அதனால் இதயத்துக்கு ரத்தம் குறைவதைக் காட்டும் ‘பாசிட்டிவ்’ என்ற சொல் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. எவ்வளவு நேரம் நடந்தார், நடக்கும்போது இதயம் எப்படி நடந்துகொண்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இதற்கு டியூக் ஸ்கோர் என்று ஒரு கணக்கு உண்டு, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவானது. நடந்த நிமிடத்திலிருந்து எஸ்.டி இறக்கத்தின் 5 மடங்கைக் கழிக்க வேண்டும். அப்புறம் நெஞ்சுவலிக்குக் கழிக்க வேண்டும்: வலி இல்லையென்றால் 0, வந்தும் நடக்க முடிந்தால் 4, வலியாலேயே நிறுத்தினால் 8. அப்பாவுக்கு 6.5-இல் 7.5 போய், இன்னொரு 4 போனால் மைனஸ் 5. பிளஸ் 5-உம் அதற்கு மேலும் குறைந்த ஆபத்து, மைனஸ் 11-உம் அதற்குக் கீழும் அதிக ஆபத்து. இவர் நடுவில் இருக்கிறார். 1991-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில் 4 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் குறைந்த ஆபத்துப் பிரிவில் 99 சதவீதம், நடுப்பிரிவில் 95, அதிக ஆபத்துப் பிரிவில் 79. அது இன்றைய மாத்திரைகள் பல வராத காலம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

நல்ல சேதியும் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. நடக்க நடக்க பி.பி ஏறியிருக்கிறது, ஏற வேண்டிய நேரத்தில் இறங்கினால்தான் நாங்கள் பதறிப்போய் பெல்ட்டை நிறுத்துவோம். நின்ற முதல் நிமிடத்தில் நாடி 22 குறைந்திருக்கிறது. 12-ஓ அதற்கும் கீழோ குறைந்தால்தான் கவலை. ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், அப்பா முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தாரா? இரண்டாம் கட்டத்தில் பெல்ட் 12 சதவீதச் சரிவுக்கு எழும்பும்போது நிறைய பேர் கம்பியில் உடம்பைச் சாய்த்துவிடுவார்கள், நிமிடம் கூடும், ஆனால் அது நிஜத் திறன் இல்லை.

வைகைக்கரை:
விரல் நுனியால் தொட்டுக்கொண்டுதான் நடந்தாராம், சாயவில்லை என்கிறார். மெட்டோபுரோலால் (நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) அன்றைக்குக் காலையிலும் போட்டிருக்கிறார், அது தப்பா?

கீழவாசல்_ஜி.பி:
தப்பில்லை. புதிதாக நோயைக் கண்டுபிடிக்கத்தான் சில டாக்டர்கள் முன்கூட்டியே அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். தெரிந்த நோயாளி மாத்திரையோடு எப்படி இருக்கிறார் என்று பார்க்க, போட்டுக்கொண்டே செய்வதும் உண்டு. 220-இல் வயதைக் கழித்தால் 159, சோதனையில் நாடி எட்ட வேண்டும் என்று பார்ப்பது அதில் 85 சதவீதம், அதாவது 135. அப்பா 128-இல் நின்றதற்கு அந்த மாத்திரையும் ஒரு காரணம். நீங்களாக மட்டும் அதை நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் வலி கூடும்.

ஸ்டென்ட் பற்றி: 2020-இல் இஸ்கீமியா என்ற ஆய்வு வெளிவந்தது, 37 நாடுகள், 5179 பேர். இதயத்துக்கு ரத்தம் குறைவது சோதனையில் நன்றாகவே தெரிந்த, ஆனால் நிலையாக இருந்த நோயாளிகள். உடனே ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ் என்று போனவர்களுக்கும், மாத்திரையோடு காத்திருந்தவர்களுக்கும் மாரடைப்பு, மரணம் போன்ற பெரிய பாதிப்புகளில் வித்தியாசம் தெரியவில்லை. அடிக்கடி வலி வந்தவர்களுக்கு மட்டும் வலி நன்றாகக் குறைந்தது. ஆனால் இடது முதன்மைக் குழாயில் பெரிய அடைப்பு இருந்தவர்களையும், இதயத்தின் பம்பிங் 35 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களையும் அதில் சேர்க்கவில்லை. ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டியது இரண்டு: போன வருட அடைப்பு எந்தக் குழாயில், எக்கோவில் (இதய ஸ்கேன்) பம்பிங் எவ்வளவு. மாத்திரை அளவைக் கூட்ட இடம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். மீண்டும் ஆஞ்சியோ வேண்டும் என்று அவர் சொன்னால் அதுவும் நியாயம்தான், வலி புதிதாக வந்திருக்கிறதே.

சேலத்துக்காரி:
என் அம்மாவுக்கு ஈ.சி.ஜி-யில் இடது பண்டில் பிளாக் (இதயத்தின் இடப்பக்க மின்பாதையில் தடை) இருப்பதால் டி.எம்.டி-யில் எஸ்.டி-யைப் படிக்க முடியாது என்று நியூக்ளியர் ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். உங்கள் அப்பாவின் சாதாரண ஈ.சி.ஜி-யையும் மறக்காமல் கொண்டுபோங்கள் தம்பி.

டிரெட்மில்_அறை:
ஆமாம், அதையும் போன வருட ஆஞ்சியோ பதிவான சி.டி தட்டையும் சேர்த்து எடுத்துப் போங்கள். வியாழன் வரை மாடி ஏறுவதை மெதுவாக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, முன்னைவிடக் குறைந்த வேலைக்கே வந்தாலோ, நின்றும் சில நிமிடத்தில் விடவில்லை என்றாலோ டோக்கனைப் பார்க்காதீர்கள், 108-க்கு அடியுங்கள்.

வைகைக்கரை:
சரி அண்ணா. சி.டி பீரோவில் இருக்கிறது, எடுத்து வைத்துவிட்டேன். டாக்டர் என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுகிறேன்.