அம்மாவின் அறிவொளி நாட்கள்: புதுப்பிப்பு

அம்மா தவறிய மறுநாள், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் அவரோடு வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

1991இல் இயக்கம் தொடங்கியபோது அம்மாவுக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. சம்பளம் கிடையாது. ராத்திரி அடுப்படி வேலையை முடித்துவிட்டு அரிக்கேன் விளக்கோடு கிளம்பிவிடுவார். கல்குவாரியில் ஜல்லி உடைத்துவிட்டு வரும் பெண்களும் அவரிடம் படித்தார்கள். அவர்களில் ஒருவர் போனில் பேசினார். சம்மட்டி பிடித்த கை, சிலேட்டுக் குச்சியைப் பிடித்தால் நடுங்குமாம். அம்மா பின்னால் உட்கார்ந்து, கைமேல் கை வைத்து எழுத வைப்பாராம். மகளிர் குழுக் கணக்கை இப்போது அவர்தான் எழுதுகிறார்.

சைக்கிள் கதையையும் கேட்டிருந்தீர்கள். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் கற்பதையும் இயக்கத்தோடு சேர்த்துவிட்டார். அம்மா ஓட்டியது ஜென்ட்ஸ் சைக்கிள். பார் இருந்தால்தான் பிள்ளையை முன்னால் உட்கார வைக்கலாம் என்பார். உட்கார்ந்து போனது அக்கா மகள். துண்டைச் சுற்றியும் வலிக்குமாம்! தெருவில் கேலி பேசியவர்களும் உண்டு. அப்புறம் அவர்கள் வீட்டுப் பெண்களே கற்றுக்கொள்ள வந்தார்கள், அது வேறு கதை.

1992இல் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். அம்மா அதற்குப் பிறகும் வகுப்பை நிறுத்தவில்லை.

சரி, படத்திறப்பு வரும் ஞாயிறு காலை, வீட்டில்தான். பழைய போட்டோ இருந்தால் எடுத்து வாருங்கள், அங்கேயே நகல் எடுத்துக்கொண்டு தந்துவிடுகிறோம். பூமாலை வேண்டாம்.