ஃபோர்ட்ரானுக்குக் களஞ்சியம் இல்லாமல் போனது யார் குற்றம்?

கோடுபிள்ளை:
மூன்று மாதமாக ஃபோர்ட்ரான் என்ற கணக்கீட்டு மொழியில் எழுதிய ஒரு பழைய நிரலோடு மல்லுக்கட்டுகிறேன். சமன்பாடு தீர்க்கும் ஒரே சப்ரூட்டீன் (துணை நிரல்) மூன்று ஃபோல்டர்களில் கிடக்கிறது. இரண்டு நகல் அச்சு அசல். மூன்றாவதில் யாரோ, எவ்வளவு பிழையை ஏற்கலாம் என்ற எல்லை மதிப்பை மாற்றியிருக்கிறார்கள், ஒரு வரி கமென்ட் கூட இல்லை. பெர்ல்காரர்களுக்கு 1995-லேயே சிபேன் வந்துவிட்டது, எல்லோரும் எழுதியதை ஏற்றி இறக்கிக்கொள்ளும் பொதுக் களஞ்சியம். 1957-ல் வெளிவந்த மொழிக்கு என்ன கேடு? பகிரும் பழக்கமே இல்லாத கூட்டம்!

வரிசை77:
கொஞ்சம் பொறுங்கள் தம்பி. கணித நிரல்களை அனுப்பித் தரும் நெட்லிப் 1985-லேயே ஓடியது. ‘செண்ட் டிஜெகோ ஃப்ரம் லின்பேக்’ என்று, லின்பேக் தொகுப்பிலிருந்து டிஜெகோ என்ற ரூட்டீனைக் கேட்டு, ஒரு வரி மின்னஞ்சல் போட்டால் போதும். டிஜெகோவும் வரும், அது அழைக்கும் மற்ற ரூட்டீன்களும் கூடவே வரும். அவை வேண்டாம் என்றால் ‘ஒன்லி’ என்று சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். சார்புகளைத் தேடித் தரும் வேலையை வலைத்தளங்கள் வருவதற்கு முன்பே ஒரு அஞ்சல் நிரல் செய்தது. நகலைக் கைவைத்துக் கெடுத்தவரை விட்டுவிட்டு மொழியைத் திட்டுவானேன்?

கோடுபிள்ளை:
சரி ஐயா, கேட்டார்கள், வந்தது. அப்புறம்? வந்த கோப்பு எந்தப் பதிப்பு என்று நிரலைக் கட்டும் என் பில்டுக்குத் தெரியுமா? மூலத்தில் பிழை திருத்தினால் எனக்கு யார் சொல்வார்கள்? வாங்கியவர் தன் ஃபோல்டரில் போட்டுக்கொண்டார், அன்றோடு உறவு முடிந்தது. சிபேனில் ஏற்றிய மாட்யூலை (நிரல் தொகுதியை)த் தன்னார்வலர்கள் பல இயங்குதளங்களில் ஓட்டிப் பார்த்து முடிவை எழுதுகிறார்கள். நான் கேட்பது அதை.

அணிக்கோவை:
மூல நிரலை இயந்திரம் ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரை இருவரும் மறந்துவிட்டீர்கள். ஜிஃபோர்ட்ரான் கம்பைலர் ஒரு மாட்யூலின் விவரத்தை எழுதிவைக்கும் மாட் கோப்பை இன்டெல் கம்பைலர் படிக்காது. ஆக, மாட்யூல் உள்ள லைப்ரரியைக் கட்டி முடித்த நிலையில் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்க வழியில்லை, மூலத்தைத்தான் கொடுக்க வேண்டும். வெக்டர், அணிக் கணக்குகளுக்கான பிளாஸ் என்ற ரூட்டீன் தொகுப்பு தப்பித்ததற்குக் காரணம், அதில் மாட்யூலே கிடையாது. முதல் நிலை (வெக்டர்) ரூட்டீன்களின் பெயரும் அழைக்கும்போது தரவேண்டிய வாதங்களும் 1979-ல் அச்சேறின. இன்றும் அதே பெயர்தான், பின்னால் வேலை செய்யும் லைப்ரரியாக ஓப்பன்பிளாஸை வைத்தாலும் எம்கேஎல்லை வைத்தாலும் உங்கள் நிரலில் ஓர் எழுத்து மாறாது. என்னைக் கேட்டால், அவர்கள் பகிர்ந்தது கோப்பை அல்ல, ஓர் ஒப்பந்தத்தை.

வரிசை77:
அப்படிப் போடுங்கள்! களஞ்சியம் களஞ்சியம் என்கிறவர்கள் 2016-ஐ மறந்துவிட்டார்களா? ஜாவாஸ்கிரிப்ட்காரர்களின் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து லெஃப்ட்பேட் என்ற 11 வரி நிரலை எழுதியவர் நீக்கினார், எங்கெங்கோ பில்டுகள் உடைந்தன. நகல் வைத்திருந்தவர் நிம்மதியாகத் தூங்கினார்.

கோடுபிள்ளை:
லெஃப்ட்பேட் வரும் என்று எதிர்பார்த்தேன். அதன் பிறகு நீக்குவதற்கான விதியை இறுக்கினார்கள் ஐயா. இடம் ஒன்று என்பதால் ஒரே இடத்தில் திருத்த முடிந்தது. சிதறிக் கிடக்கும் நகல்களுக்கு எந்த விதி?

அணிக்கோவை:
இப்போது ஃபோர்ட்ரானுக்கே எஃப்பிஎம் என்ற பேக்கேஜ் மேனேஜர் இருக்கிறதே. டோம்ல் என்ற அமைப்புக் கோப்பில், வேண்டிய லைப்ரரியின் கிட் முகவரியும் பதிப்பைக் குறிக்கும் டேகும் எழுதினால் இழுத்துவந்து, எந்த மாட்யூல் முதலில் என்று தானே பார்த்துக் கட்டும். எதை எப்படிக் கட்டுவது என்று கையால் எழுதிய பழைய மேக்ஃபைல் காட்டை அதற்குள் கொண்டுவருவது மட்டும் உங்கள் தலைவிதி.

வரிசை77:
அது கிடக்கட்டும். அந்த மூன்றாவது நகலில் என்ன எண்?

கோடுபிள்ளை:
மற்ற இரண்டிலும் 1.0டி-12. இதில் 1.0இ-6.

வரிசை77:
டி போய் இ வந்திருக்கிறதா? டி என்றால் இரட்டைத் துல்லியம், இ என்றால் ஒற்றை. அது ஒற்றைத் துல்லியக் காலத்து எண். நீங்கள் நினைப்பது போல யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள், இதை மட்டும் மாற்றாமல் விட்டிருப்பார்கள். நகல்களின் வேறுபாட்டைக் காட்டும் டிஃப் போட்டு அனுப்புங்கள்.

கோடுபிள்ளை:
இரவு அனுப்புகிறேன் ஐயா. களஞ்சியம் பற்றிச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கமாட்டேன்.