அழைப்புமணிப் பலகையில் மூன்று கொல்லர்கள்

நெக்கர்கரை:
ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட்டுக்கு வந்து எட்டு மாதம். எங்கள் குடியிருப்பில் வீட்டுக்குக் கதவு எண் கிடையாது, வாசல் பலகையில் குடும்பப் பெயர்தான். எனக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டுவிட்டேன். தபால்காரர் "ஃப்ராவ் (திருமதி) முருகேசன்" என்கிறார். ஊரில் அப்பா கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

அதே பலகையில் இரண்டு ஷ்மிட், ஒரு ஷ்மிட்ஸ். ஷ்மிட் என்றால் கொல்லர் என்று மொழி வகுப்பில் சொன்னார்கள். உச்சரிப்பு ஒன்றுதான், ஆனால் ஜெர்மனில் எழுதும்போது ஒரு ஷ்மிட்டுக்கு ஆறு எழுத்து (Schmid), மற்றவருக்கு ஏழு (Schmidt). ஏன்? கீழ்த்தளத்தில் கைசர் என்று ஒரு பாட்டி வேறு இருக்கிறார். பேரரசர் வம்சமா?

ரைன்மாமா:
மூவருமே கொல்லர்தான் அம்மா. அந்த எழுத்து வித்தியாசத்தில்தான் ஊர் இருக்கிறது. ஆறெழுத்து ஷ்மிட் உங்கள் தெற்குப் பக்கம். ஏழெழுத்து நடுவிலும் வடக்கிலும் அதிகம். ஷ்மிட்ஸ் என்றால் "கொல்லருடைய மகன்" என்கிற மாதிரி. அது எங்கள் ரைன் கரைச் சரக்கு. நான் கொலோனில் 31 வருடம் வேலை பார்த்தேன், ஒரே ஷிஃப்டில் நாலு ஷ்மிட்ஸ். "ஷ்மிட்ஸ்!" என்று கூப்பிட்டால் பாதி வரிசை திரும்பும்.

இறைச்சி வெட்டுகிறவர் தெற்கே மெட்ஸ்கர், கிழக்கே ஃப்ளைஷர். தையற்காரர் பொதுவாக ஷ்னைடர், ஆனால் வடக்கே ஷ்ரோடர். துணி வெட்டுவதற்கு அந்தப் பக்கத்துப் பேச்சில் வேறு சொல், அவ்வளவுதான். ஷுல்ட்ஸே என்று யாராவது இருந்தால் அவருடைய முன்னோர் நம்ம ஊர் மணியக்காரர் மாதிரி, பாக்கியைக் கட்டச் சொல்லி வாசலில் வந்து நிற்கிறவர்.

முல்லர் ஏன் இத்தனை பேர் என்று அடுத்து கேட்பீர்கள். மாவு ஆலை இல்லாத ஊர் உண்டா?

பாட்டி வம்சமெல்லாம் இல்லை. கைசர் (பேரரசர்), கோனிக் (அரசர்), பிஷோஃப் (ஆயர்) எல்லாம் பெரும்பாலும் பட்டப்பெயர். மிடுக்காகத் திரிந்தவர், பெரிய இடத்தில் வேலை செய்தவர், திருவிழா நாடகத்தில் அந்த வேடம் கட்டியவர். கூத்தில் துரியோதனன் கட்டியவரைச் சாகும்வரை துரியோதனன் என்றே கூப்பிடுவார்களே, அந்தக் கதை.

லீட்ஸ்காரி:
இங்கிலாந்திலும் இதே கதைதான். எங்கள் வார்டில் வாக்கர் என்று மூன்று பேர். நடப்பவர் என்று நினைத்திருந்தேன். பார்த்தால், மிதிப்பவர்! நெய்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, நாட்பட்ட சிறுநீர் ஊற்றி, காலால் மிதித்து இறுக்குகிற வேலை. (ஆமாம், சிறுநீர்தான். எண்ணெய்ப் பிசுக்கு போக.) அதே வேலை தென்மேற்கில் டக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர். எங்கள் யார்க்ஷயர் கம்பளி நாடு, அதனால் இங்கே வாக்கருக்குப் பஞ்சமே இல்லை.

எனக்குப் பிடித்தது வெப்ஸ்டர், பேக்ஸ்டர், ப்ரூஸ்டர். அந்த 'ஸ்டர்' முதலில் பெண்களுக்கான விகுதி. நெய்கிறவள், ரொட்டி சுடுகிறவள், பீர் வடிக்கிறவள். பிறகு ஆண்களும் அதே பெயரில் நுழைந்துவிட்டார்கள்.

அகராதிப்பித்தன்:
ஒரு கொல்லரை விட்டுவிட்டீர்கள். 1779இல் வேப்பேரியில் அச்சான தமிழ் ஆங்கில அகராதியைச் செய்த ஃபப்ரீஷியஸ். 16ஆம் நூற்றாண்டில் படித்த ஜெர்மானியர்களுக்குச் சொந்தப் பெயரை லத்தீனிலும் கிரேக்கத்திலும் மாற்றிக்கொள்ளும் ஆசை வந்தது. ஷ்மிட்கள் ஃபப்ரீஷியஸ் ஆனார்கள், ஷ்னைடர்கள் சார்டோரியஸ். மதச் சீர்திருத்தவாதி லூதரின் நண்பர் மெலாங்க்தோனின் வீட்டுப் பெயர் 'கரிசல் மண்' என்று பொருள்படும் ஷ்வார்ட்ஸ்ஏர்ட், அதைத்தான் கிரேக்கமாக்கிக்கொண்டார்.

1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மதபோதகர் சீகன்பால்குவின் குடும்பம் மாற்றிக்கொள்ளவில்லை போலும். அந்தப் பெயருக்கு ஆட்டுத்தோல் என்று பொருள். ஆட்டுத்தோல் ஆட்டுத்தோலாகவே கப்பலேறியது.

நெக்கர்கரை:
ரைன்மாமா, உங்கள் வரைபடம் வேலை செய்கிறது! இன்று மாடிப்படியில் பாட்டியைப் பிடித்தேன். கைசர், கணவர் வீட்டுப் பெயராம். பிறந்த வீட்டில் ஷ்ரோடர். "அப்படியானால் நீங்கள் வடக்கா?" என்றேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். ஹாம்பர்க் பக்கமாம். அப்புறம் உள்ளே கூப்பிட்டு ஆப்பிள் கேக் வைத்துவிட்டு, முருகேசன் என்றால் என்ன தொழில் என்று கேட்டார்.