லேஅவுட் பூங்காவை மாநகராட்சி எடுத்துக்கொள்ளலாமா? தானப் பத்திரம் எழுதாத 1,134 சதுர மீட்டர்

மூன்றாவது குறுக்குத் தெரு (கேள்வி)

வணக்கம். சென்னைப் புறநகரில் 1986-இல் எம்.எம்.டி.ஏ. (இன்றைய சி.எம்.டி.ஏ., சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் பெற்ற 4 ஏக்கர் லேஅவுட். வரைபடத்தில் 42-க்கு 27 மீட்டர், அதாவது 1,134 சதுர மீட்டர், 'பூங்கா' என்று காட்டியிருக்கிறது. சாலைகளுக்கு மட்டும் தானப் பத்திரம் இருக்கிறது, பூங்காவுக்கு இல்லை. பட்டா இன்னும் பழைய நில உரிமையாளர்களான அண்ணன், தம்பி இருவர் பெயரிலேயே உள்ளது. அண்ணன் காலமாகிவிட்டார். மனைகளை விற்றவர் அவர்களிடம் பவர் வாங்கிய புரமோட்டர். வேலி, போர்வெல், மரங்கள் எல்லாம் குடியிருப்போர் நலச்சங்கம் போட்டது.

இந்த இடத்தை எடுத்துக்கொள்வதா என்று மாமன்றத்தில் விவாதத்துக்கு வருகிறது. ஆவணம் சரியில்லை, தரையில் அளவு குறைகிறது, பராமரிக்க ஆள் இல்லை என்று அதிகாரிகள் தயங்குகிறார்கள். சங்கத்திலும் ஒரு சாரார், மாநகராட்சிக்குப் போனால் மேல்நிலைத் தொட்டி கட்டிவிடுவார்கள், சங்கத்தின் பெயருக்கே எழுதி வாங்கிவிடலாம் என்கிறார்கள். எது சரி? யார் கையெழுத்துப் போட வேண்டும்? அளவுக் குறைவை என்ன செய்வது?

சர்வே கல்

சங்கத்தின் பெயருக்கு வாங்கவே வாங்காதீர்கள். சங்கம் என்பது ஆண்டுதோறும் நிர்வாகிகள் மாறும் அமைப்பு. கணக்குத் தாக்கல் செய்யாமல் விட்டால் பதிவே கேள்விக்குறியாகும். இரண்டு கோஷ்டியானால் பூங்காவும் வழக்கில் மாட்டும். உரிமை மாநகராட்சிக்கு, பராமரிப்பு சங்கத்துக்கு என்று இரண்டையும் பிரித்துப் பேசினாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

முதலில் காகிதங்கள். ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் சான்றிட்ட நகலையும், ஒப்புதல் கடிதத்தில் உள்ள நிபந்தனைகளின் நகலையும் சி.எம்.டி.ஏ.விடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் அவகாசம். புரமோட்டர் மனை விற்கும்போது கொடுத்த ஜெராக்ஸை நம்பி எதையும் எழுத வேண்டாம். அதில் பூங்காவின் எல்லைக்கோடு மாறியிருக்க வாய்ப்புண்டு. பிறகு பழைய சர்வே எண், புதிய உட்பிரிவு எண் இரண்டுக்கும் தனித்தனியாக வில்லங்கம் போடுங்கள். ஒன்றுக்கு மட்டும் போட்டால், மற்றதில் பதிவான கிரயமோ அடமானமோ கண்ணில் படாது.

கையெழுத்து விஷயம்தான் சிக்கல். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்தது. புரமோட்டர் இன்று அண்ணன் சார்பில் தானப் பத்திரம் எழுத முடியாது. சார்பதிவாளர் உயிர்வாழ் சான்று கேட்கும்போதே அது நின்றுவிடும். தன் பங்குக்குத் தம்பி நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். அண்ணன் பங்குக்கு அவருடைய வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். தாசில்தாரிடம் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் உள்ள பெயர் ஒன்று விடுபட்டாலும் அந்தப் பங்கு தொங்கிக்கொண்டே இருக்கும். மணமாகிப் போன மகள்களை விட்டுவிட்டு எழுதுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

தம்பி விஷயத்தில் தள்ளிப்போடாதீர்கள். சொத்து மாற்றுச் சட்டம் 122-ஆம் பிரிவின்படி, கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே பெறுபவர் தானத்தை ஏற்றாக வேண்டும். 123-இன்படி பதிவும், இரண்டு சாட்சிகளும் கட்டாயம். ஆணையருக்கு ஏற்கும் அதிகாரம் தரும் மன்றத் தீர்மானம் முன்னதாகவே இருக்கட்டும், ஏற்பு வாசகமும் அதே பத்திரத்தில் வரட்டும். பத்திரத்தைப் பதிந்து வைத்துவிட்டு 'அப்புறம் ஏற்றுக்கொள்கிறோம்' என்று கோப்பில் போட்டால், நடுவில் அவர் கண்மூடினால் எல்லாம் வீண்.

மன்றப் பொருள் எண் 9

அதிகாரிகளின் தயக்கத்தை அலட்சியம் என்று தள்ளாதீர்கள். அளவு குறைந்த இடத்தை அப்படியே ஏற்றால், காணாமல் போன பகுதியை மாநகராட்சியே விட்டுக்கொடுத்ததாகப் பின்னால் வாதம் வரும். தணிக்கையிலும் கேட்பார்கள்.

எனவே சர்வேயரை வைத்து அளந்து, எந்தப் பக்கம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். நாடா பிடிக்கும்போது பூங்காவின் வேலியிலிருந்து தொடங்கக் கூடாது. வேலியே தவறான இடத்தில் இருக்கலாம். சாலை முனையிலுள்ள கல், புலப்படத்தில் (சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடம்) குறித்த முச்சந்திக் கல் போன்ற நிலையான புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். 42 மீட்டர் பக்கத்தை ஒட்டிய வீட்டுக்காரர் மதிலை 2.7 மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டியிருந்தால் மட்டுமே 113 சதுர மீட்டர் போய்விடும். அது ஏறக்குறைய அரை கிரவுண்டு! பார்வைக்கு ஒரு கார் நிற்கும் அகலம்தான், அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

பத்திரத்தின் சொத்து விவரத்தில் 1,134 என்றே எழுதுங்கள். 'இருப்பில் உள்ள 1,020' என்று ஒருபோதும் எழுத வேண்டாம். 'லேஅவுட்படி' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிக்காமல் சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, நான்கு பக்க நீளம் எல்லாம் வரட்டும், வரைபடத்தை இணைப்பாகப் பதியுங்கள். ஆக்கிரமிப்பு குறித்துத் தனியாக ஒரு சர்வே அறிக்கையைக் கோப்பில் சேர்த்தால் போதும். அகற்றும் அதிகாரம் உரிமையாளரான மாநகராட்சிக்கு வந்தபின் நோட்டீஸ் கொடுப்பார்கள்.

பதிவோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள். பட்டா மாற வேண்டும். நகர நில அளவைப் பதிவேட்டிலும் மாநகராட்சி, பூங்கா என்று ஏற வேண்டும். பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவின்படி உள்ளாட்சிச் சொத்தை மற்றவர் பதியாமல் தடுக்க, சார்பதிவாளருக்கு ஆணையர் கடிதம் போக வேண்டும். இந்த மூன்றில் பட்டாவை மறந்துவிட்ட பூங்காக்கள்தான் பின்னாளில் விலைபோகின்றன.

மூன்றாவது குறுக்குத் தெரு

மிக்க நன்றி. வாரிசுகளின் வக்கீல் இரண்டு வாதம் வைக்கிறார். மூன்றாண்டுக்குள் அரசு கையகப்படுத்தாததால் நகர் ஊரமைப்புச் சட்டம் 38-ஆம் பிரிவின்படி நிலம் விடுவிக்கப்பட்டுவிட்டதாம். இலவசமாக எழுதித் தரச் சொல்வதே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சேத்ராம் வசிஷ்ட் வழக்கில் சொல்லிவிட்டதாம். கேட்டவுடன் சங்கத்தில் பாதிப் பேர் தளர்ந்துவிட்டார்கள்.

வாய்தா

தளர வேண்டாம். 38-ஆம் பிரிவு, அரசு தன் திட்டத்துக்காக இன்னொருவர் நிலத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வாங்காமல் இழுத்தடிப்பதற்கான நிவாரணம். மனை விற்க அனுமதி வாங்குவதற்காக நில உரிமையாளரே காட்டிய பூங்காவுக்கு அது பொருந்தாது. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது.

சேத்ராம் வசிஷ்ட் வழக்கு டெல்லியைப் பற்றியது. இலவசமாக மாற்றிக்கொடு என்று கேட்க அங்கே சட்டத்தில் இடமில்லை என்பதுதான் தீர்ப்பின் அடிப்படை. இடத்தைப் பூங்காவாக வைக்கும் கடமையை அந்தத் தீர்ப்பும் நீக்கவில்லை, உரிமையாளரை அறங்காவலர் போலவே பார்க்கிறது. சென்னையிலோ சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளி என்று வளர்ச்சி விதிகளிலேயே எழுதியிருக்கிறது. அந்த விதியை எதிர்த்துப் போன வசந்த் அபார்ட்மென்ட்ஸ் வழக்கில் 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. கணக்கும் பொருந்துகிறது பாருங்கள்: 4 ஏக்கர் 16,187 சதுர மீட்டர். சாலை 30 சதவீதம் என்று கழித்தால் மீதி 11,331. அதில் பத்தில் ஒரு பங்கு 1,133. உங்கள் பூங்கா அந்த விதிக்காகவே ஒதுக்கப்பட்ட இடம் என்பது எண்ணிலேயே தெரிகிறது.

வாரிசுகள் கையெழுத்திடவே மறுத்தால் மாநகராட்சிக்கு உரிமை வராது, ஆனால் விற்பனையை முடக்கலாம். வரைபட நகலுடன் சி.எம்.டி.ஏ.வுக்கும் சார்பதிவாளருக்கும் ஆட்சேபக் கடிதம் கொடுங்கள். பூங்கா என்று ஒதுக்கிய இடத்துக்குத் திட்ட அனுமதி கிடைக்காது என்பதை வாங்க வருபவருக்குப் பதிவுத் தபாலில் தெரிவித்துவிடுங்கள். 'தெரியாமல் வாங்கினேன்' என்ற வாதம் அதோடு அடிபடும். வழக்கு போடுவதாக இருந்தால் சங்கத்தின் பெயரோடு மனை வாங்கிய இரண்டு மூன்று பேரும் வாதியாக இருக்கட்டும். பூங்கா காட்டித்தானே அவர்களுக்கு மனை விற்றார்கள்!

வேப்பங்கன்று

தொட்டி பற்றிய பயம் நியாயமானது. காலியிடம் என்றாலே தொட்டி, டிரான்ஸ்ஃபார்மர், குப்பை தரம்பிரிக்கும் கொட்டகை என்று கேட்பார்கள். 'பூங்காவாகவும் விளையாட்டிடமாகவும் மட்டுமே' என்ற வாசகத்தைப் பத்திரத்திலும் மன்றத் தீர்மானத்திலும் சேருங்கள். பெங்களூரில் பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியதை உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது சரியே என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கு உங்களுக்குத் துணை நிற்கும். அதே நேரத்தில் ஒன்றைச் சங்கத்திலும் சொல்லிவிடுங்கள்: மாநகராட்சிப் பூங்கா என்றானபின் அடுத்த தெருக் குழந்தைகளை வாசலில் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது.

பராமரிப்பு ஒப்பந்தத்தில் மின்கட்டணம், மோட்டார் பழுது, மரக்கிளை வெட்டுதல், சாவி, திறக்கும் நேரம் இவற்றுக்குப் பொறுப்பு யார் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். மின் இணைப்பு சங்கத்தின் பெயரில் இருந்தால் பாக்கியைக் கட்டி, பெயர் மாற்ற விண்ணப்பத்தை ஒப்படைக்கும் நாளிலேயே கொடுங்கள். பெயர் மாறாத இணைப்புக்கு மாநகராட்சி பணம் கட்டாது. ஒரு மாதம் மோட்டார் ஓடாவிட்டால் கோடையில் கன்றுகள் கருகிவிடும்.

செலவுக்குப் பயந்து மறுப்பவர்களிடம் செலவு குறைந்த வரைவைக் கொடுங்கள். 600 சதுர மீட்டருக்குப் புல்தரை போட்டால், சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் கோடையில் நாளொன்றுக்கு 3,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதை யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது. புல்லுக்குப் பதில் புங்கன், பூவரசு, மகிழம், வேம்பு. ஓரமாக 1.5 மீட்டர் அகல நடைபாதை, கான்கிரீட் அங்கே மட்டும். மீதி மண்ணாகவே இருக்கட்டும். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் இந்த இடத்தில் மட்டும் 1,13,400 லிட்டர் விழும். நடுப்பகுதியைச் சாலை மட்டத்திலிருந்து ஒரு அடி தாழ்த்தி, இரண்டு உறைகிணறு இறக்கினால் தெருத்தண்ணீரும் உள்ளே வரும். சாலை வடிகாலிலிருந்து வரும் குழாயின் வாயில் வண்டல் தொட்டி ஒன்று கட்டாயம், இல்லையென்றால் இரண்டு மழைக்காலத்தில் உறைகள் மண் அடைத்துவிடும். மழைநீர் வடிகால் பிரிவிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பூங்காப் பிரிவில் பணமில்லை என்பார்கள், தெருவில் தேங்கும் நீருக்கு வழி கேட்டால் வடிகால் பிரிவிலிருந்து மதிப்பீடு வரும். அந்த மதிப்பீட்டைத் தீர்மானத்தோடு இணைத்தே மன்றத்தில் வைக்கச் சொல்லுங்கள்.