மார்கழி விடிகாலையில் வண்டி: விரல் மரத்துப் போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

குடியாத்தம் பூக்கடை:
விடிகாலை நாலரைக்குக் கிளம்பி வேலூர் நேதாஜி மார்க்கெட் போறவங்களுக்காகக் கேக்குறேன். கம்பளி கிளவுஸ் போட்டும் பள்ளிகொண்டா வர்றதுக்குள்ள விரல் நுனி மரத்துப் போவுது. கிளட்சைப் பிடிச்சிருக்கோமா விட்டுட்டோமான்னே தெரியல. 100 சிசி வண்டி. பெரிய செலவு இல்லாம வழி இருந்தா சொல்லுங்க.

சத்துவாச்சாரி மெக்கானிக்:
கம்பளியில குறை இல்லண்ணா. அது காத்தைத் தடுக்காது, அவ்வளவுதான். பின்னலுக்கு நடுவுல நிக்கிற சூடான காத்துதான் கையைக் காப்பாத்தணும். 60-ல போனா எதிர்காத்து அதை அடிச்சுட்டுப் போயிடும். கிளவுஸ் மேல கிளவுஸ் போட்டாலும் இதே கதைதான். வானிலைக்காரங்க கணக்குப்படி 10 டிகிரியில 60 கி.மீ. வேகக் காத்து பட்டா உடம்புக்கு 5 டிகிரி மாதிரி இருக்கும். நம்ம பக்கம் கீழே அவ்வளவு இறங்காது, மார்கழி விடியல்ல 17, 18 சாதாரணம். ஆனாலும் ஒரு மணி நேரம் விடாம காத்து அடிச்சா விரலுக்கு அது போதும்.

அதனால முதல் செலவு கிளவுஸுக்கு வேணாம், ஹேண்டில்பாருக்குப் பண்ணுங்க. சீட் கவர் தைக்கிற கடையில ரெக்சின் உறை தைக்கச் சொல்லுங்க. நீளம் கிரிப் முனையிலிருந்து லிவர் போல்ட்டைத் தாண்டி நாலு விரல்கடை, சுமார் 30 செ.மீ. வரும். கை நுழையுற வாய் விரிச்சு வெச்சா 18 செ.மீ. இருக்கணும், கிளவுஸோட கை சட்டுனு வெளிய வரணும், விழும்போது மாட்டிக்கக் கூடாது. உள்ளே பழைய கம்பளித் துணி. கண்ணாடித் தண்டுக்கு ஒரு வெட்டு விட்டு வெல்க்ரோ ஒட்டிடுங்க.

இதுல எல்லாரும் கோட்டை விடுற இடம் முன்பக்கம். வெறும் ரெக்சின்னா வேகத்துல காத்து அதை உள்ளே தள்ளி லிவர் மேல அழுத்தும். வலது பக்கம் பிரேக் லைட் அணையவே அணையாது, பிரேக் லேசா உரசிக்கிட்டே சூடாகும், மைலேஜும் குறையும். இடது பக்கம் கிளட்ச் பாதி விட்ட நிலையில ஓடி பிளேட் தேயும். பழைய 5 லிட்டர் ஆயில் கேனைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவி, ஹாக்சா பிளேடால ஒரு தகடு வெட்டி, ரெக்சினுக்கும் உள்துணிக்கும் நடுவுல வெச்சுத் தைக்கச் சொன்னா மடங்காது.

உறை பிடிக்கலன்னா அந்தக் கேன் தகட்டையே கைக்கு முன்னாடி காத்து மறைக்கிற கார்டா மாட்டலாம். ஒரு முனை கண்ணாடி நட்டுக்கு அடியில, இன்னொரு முனை ஹேண்டில் நுனியில இருக்கிற பார் எண்டு போல்ட்டுல. ஒரே இடத்துல மட்டும் கட்டினா சுத்திக்கும். லிவர் முழுசா விட்ட நிலையில தகட்டுக்கும் அதுக்கும் 4 செ.மீ. இடைவெளி விடுங்க. ஓரத்துல சைக்கிள் டியூபைக் கீறிச் சொருகிட்டா கையைக் கிழிக்காது.

எதை மாட்டினாலும் சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஹேண்டிலை இடது கடைசி, வலது கடைசி ரெண்டுக்கும் திருப்பி ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்க. தானா டப்புனு திரும்பணும். திரும்பலன்னா ரோட்டுக்கு எடுக்காதீங்க.

ஆம்பூர் தோல் பட்டறை:
மெக்கானிக் சொன்னது சரி. அதுக்கு மேல கிளவுஸ் வாங்குறவங்களுக்கு: தோல்னா ஆட்டுத்தோல், தடிமன் முக்கால் மில்லியிலிருந்து ஒரு மில்லிக்குள்ள. அதுக்கு மேல தடிச்சா லிவர் பிடிக்கிறது தெரியாது. உள்ளே ஃப்ளீஸ் லைனிங். போட்டுப் பார்க்கும்போது கையை நீட்டாதீங்க, கிரிப் பிடிக்கிற மாதிரி மடக்குங்க. மடக்கினா விரல் நுனியில 3, 4 மில்லி இடம் மிஞ்சணும். இறுக்கமான கிளவுஸ், கிளவுஸே இல்லாததைவிட மோசம். ரத்த ஓட்டமும் குறையும், காத்து நிக்கவும் இடம் இருக்காது. கடைக்காரர் "போடப் போட இளகிடும்"னு சொல்வார். அகலத்துல இளகும் சார், நீளத்துல இளகாது.

மணிக்கட்டு திறந்திருக்கிற குட்டை கிளவுஸ் வேணவே வேணாம். விரலுக்குப் போற ரத்தம் தோலுக்கு ஒட்டினாப்ல அந்த வழியாத்தான் போவுது. இருக்கிற கிளவுஸ் குட்டைன்னா பழைய சாக்ஸோட பாதத்தை வெட்டிட்டு, கட்டைவிரலுக்கு ஒரு ஓட்டை போட்டு, முழங்கைக்குப் பாதி வரை ஏத்திக்குங்க. பைசா செலவில்லை.

பனியில நனைஞ்ச தோலை வெயில்லயோ அடுப்புக்கிட்டயோ காயவெச்சா அப்பளம் மாதிரி மொரமொரன்னு ஆயிடும். உள்ளே பேப்பரைச் சுருட்டி வெச்சு, நிழல்ல, ஃபேன் காத்துல காயவிடுங்க.

குடியாத்தம் பூக்கடை:
ரொம்ப நன்றிங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில இந்தத் தோலும் கம்பளியும் எப்படித் தாங்கும்?

காட்பாடி பால்வண்டி:
தாங்காது. ஈரம் காயுறப்போதான் கையிலிருந்து சூட்டை உறிஞ்சும். ஒரு கிராம் தண்ணி ஆவியாகக் கிட்டத்தட்ட 580 கலோரி வேணும். மழைக்குப் பாத்திரம் கழுவுற ரப்பர் கிளவுஸ், இருக்கிறதுலயே பெரிய சைஸ், உள்ளே மெல்லிசு பருத்தி கிளவுஸ். கிரிப் நல்லாவே இருக்கும். ரெயின்கோட் கை, கிளவுஸுக்கு மேல வரணும்; உள்ளே விட்டா தண்ணி நேரா விரலுக்குத்தான் இறங்கும். உறை மாட்டியிருந்தா இது தலைகீழ், உறைக்குள்ள கிளவுஸ் மேல இருந்தாலும் பரவாயில்லை.

கேரி பேக்கைக் கையில சுத்தி அதுக்கு மேல கிளவுஸ் போடுறதை நிறைய பேர் செய்றாங்க. அந்தப் பையைத் தமிழ்நாட்டுல 2019-லயே தடை பண்ணியாச்சு, ஆனா காய் வாங்கினா இன்னும் கொடுக்கத்தான் செய்றாங்க! வெறும் கை மேல பிளாஸ்டிக்னா வேர்த்து வழுக்கும், கிளட்ச் பிடிக்கும்போது கை உள்ளுக்குள்ளயே நழுவும். மருந்துக்கடை சர்ஜிக்கல் கிளவுஸ் தேவலை, தோலோட ஒட்டி நிக்கும். அதுக்கும் மேல மெல்லிசா ஒரு துணி கிளவுஸ் வேணும்.

ஏலகிரி ரைடர்:
மலைக்குப் போறவங்களுக்கு மட்டும். ஏலகிரி அடிவாரத்துப் பொன்னேரி பக்கம் தரை 400 மீட்டரை ஒட்டி, மேல 1,100 மீட்டர். வெறும் உயரத்துக்கே 4, 5 டிகிரி குறையும். ஏறும்போது கை தாங்கும், எஞ்சின் சூடு இருக்கு, வேகம் கம்மி. மரத்துப் போறது இறங்கும்போது. 14 கொண்டை ஊசியிலயும் விரல் லிவரை விட்டு எடுக்க முடியாது, அந்த அலுமினியம் விரல்லேருந்து சூட்டை எடுத்துக்கிட்டே இருக்கும். சைக்கிள் டியூப்ல 8 செ.மீ. துண்டு வெட்டி ரெண்டு லிவரிலும் ஏத்திடுங்க. ஆனா லிவர் முனையில இருக்கிற உருண்டையை வெட்டி எறிஞ்சுட்டு ஏத்தாதீங்க; விழும்போது கையில குத்தாம இருக்கத்தான் அது இருக்கு.

இன்னொண்ணு, நெஞ்சு குளிர்ந்தா உடம்பு கைக்கு ரத்தத்தைக் குறைச்சிடும். அதனால கழுத்துக்கு மஃப்ளர், சட்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவுல நாலா மடிச்ச செய்தித்தாள். கிளவுஸ் மாத்துறதைவிட இதுக்குப் பலன் அதிகம்னு நான் சொன்னா சிரிப்பாங்க. போட்டுப் பார்த்துட்டுச் சிரிங்க.

ராணிப்பேட்டை எலக்ட்ரீஷியன்:
ஹீட்டட் கிரிப், அதாவது கரண்ட்ல சூடாகுற கைப்பிடி, யாரும் கேக்கல, கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். ஜோடிக்கு 36 வாட்னு வெச்சா 12 வோல்ட்ல 3 ஆம்பியர். 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டியில ஹெட்லைட்டும் எப்பவும் எரியும், அணைச்சு மிச்சம் பிடிக்க வழியில்லை. 100 சிசியில மாட்டுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை பேட்டரியில வெச்சுப் பாருங்க. ஓடுற ஆர்.பி.எம்.ல, கிரிப் ஆன்ல, 13.5 வோல்ட்டுக்கு மேல நின்னா சரி. 13-க்குக் கீழே வந்தா பேட்டரியைத் தின்னுட்டு இருக்குன்னு அர்த்தம், காலையில செல்ஃப் எடுக்காது.

மாட்டுறதா இருந்தா நேரா பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ், ரிலே (கரண்ட்ல இயங்குற சுவிட்சு), ரிலேக்கு சிக்னல் சாவி லைன்லேருந்து. சாவி எடுத்தா தானா அணையணும். வலது கிரிப் வயருக்கு ஒரு வளையம் தளர்வா விடுங்க, இல்லன்னா ஆக்ஸிலேட்டர் திரும்பாது. இடது கிரிப் எப்பவும் சூடு கம்மியா இருக்கும், பீஸ் கெட்டுப்போச்சுன்னு திருப்பிக் கொடுக்காதீங்க. வலது பக்கம் பிளாஸ்டிக் குழாய் மேல உக்காருது, இடது பக்கம் நேரா இரும்பு பார் மேல. இரும்பு சூட்டை இழுத்துக்கும். இடது பாருக்கு ஒரு அடுக்கு ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் (சூடு பட்டா சுருங்கி ஒட்டிக்கிற பிளாஸ்டிக் குழாய்) ஏத்திட்டு கிரிப்பை ஒட்டினா சமமாகும். செருப்புக்கடை பசை வேணாம், சூட்டுல இளகி கிரிப்பே சுத்தும்; எபாக்ஸி போடுங்க.

பூக்கடை அண்ணனுக்கு என் கருத்து: ரெக்சின் உறையே போதும், இது வேணாம்.

வேலூர் மருந்துக்கடை:
மரத்துப் போன கையைச் சைலன்சர்ல காட்டிச் சூடேத்துறாங்க, தயவுசெஞ்சு வேணாம். உணர்ச்சி இல்லாத தோலுக்குச் சுடுறதே தெரியாது, நைலான் கிளவுஸ்னா உருகி ஒட்டிக்கும். வண்டியை ஓரங்கட்டி அக்குள்ல அஞ்சு நிமிஷம் வெச்சுக்குங்க, இல்ல கையைத் தோளிலிருந்து இருபது முப்பது தடவை வேகமா சுத்துங்க, ரத்தம் நுனிவரை வந்துடும். நிக்கிற இடத்துல டீ சரி, பீடி சிகரெட் வேணாம், ரத்தக் குழாயைச் சுருக்கிடும். லேசான குளிருக்கே விரல் வெள்ளையாகி, நீலமாகி, அப்புறம் சிவந்து வலிச்சா அது கிளவுஸ் விஷயம் இல்லை, டாக்டர்கிட்ட காட்டுங்க.

குடியாத்தம் பூக்கடை:
உறை தைக்கக் கொடுத்தாச்சு. உள்ளே கை போனா ஹாரன், டிப்பர் சுவிட்சு தெரியாதே?

சத்துவாச்சாரி மெக்கானிக்:
தெரியாது. ஹாரன் பட்டன் மேல எபாக்ஸில ஒரு பொட்டு வைங்க, கட்டைவிரலுக்கு மேடா தட்டுப்படும். உறையோட முன்பக்கம் வெள்ளை ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்க, கறுப்பு ரெக்சின் இருட்டுல எதிர்ல வர்றவனுக்குத் தெரியாது.