கலைச்சொல் தேவை: கிரேக்கக் குடியேற்ற நகரங்களின் 'கோரா'

திருச்சி, திங்கள் காலை

அன்புள்ள குழுவினருக்கு,

இளங்கலைத் தொல்லியல் மாணவர்களுக்கான பாடநூல் ஒன்றில், தென் இத்தாலியில் கிரேக்கர் குடியேறி அமைத்த மெத்தபோந்தோ நகரைப் பற்றிய இயல் என் பங்கிற்கு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். நான்கு நாளாக 'கோரா' என்ற ஒற்றைச் சொல்லில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். கிரேக்கர் தம் நகர அரசை இரு கூறாகக் கண்டனர்: குடியிருப்பு நெருங்கிய 'அஸ்து' ஒன்று, அதற்குச் சோறு போடும் வெளிநிலமாகிய 'கோரா' மற்றொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் 'போலிஸ்'.

முதல் வரைவில் 'கிராமப்புறம்' என்று எழுதினேன். மூன்றாம் பக்கத்திலேயே அது காலை வாரிவிட்டது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜோசப் கார்ட்டர் குழுவினர் 1974 முதல் அங்கே அகழ்ந்தும், 1981 முதல் பிரதானோ, பசெந்தோ ஆறுகளுக்கு இடைப்பட்ட உழுநிலத்தில் வரிசைகட்டி நடந்து பானை ஓடுகளைப் பொறுக்கியும் கண்டவை பெரும்பாலும் தனித்தனியே சிதறிக் கிடந்த பண்ணை வீடுகள். 'மெத்தபோந்தோவின் கிராமப்புறத்தில் கிராமங்கள் அரிது' என்று நான் எழுதியிருந்ததைப் படித்து என் மகளே சிரித்தாள். சொல் குறுகியதாக, வேற்றுமை உருபு ஏற்று நிற்பதாக அமைய வேண்டும். இந்த இயலில் அது அறுபது இடங்களுக்கு மேல் வருகிறது.

நெல்லை, திங்கள் மாலை

அம்மையீர்,

சொல் கையில் இருக்கத் தேடுவானேன்? 'நாடு' என்று எழுதுங்கள். 'முந்நூறு ஊர்த்தே தண்பறம்பு நன்னாடு' என்று கபிலர் பாடியபோது பாரியின் மலையைச் சூழ்ந்து கிடந்த ஊர்களையும் அவற்றின் விளைநிலத்தையும் சேர்த்துத்தான் நாடு என்றார். வள்ளுவர் நாட்டுக்கு இலக்கணம் சொல்லப் புகும்போது முதலில் வைப்பது 'தள்ளா விளையுள்'. மெத்தபோந்தோக்காரர்கள் தம் காசில் வாற்கோதுமைக் கதிரைப் பொறித்ததும், பொன்னால் செய்த விளைச்சலை தெல்பிக் கோவிலுக்குக் காணிக்கையாக்கியதும் அதே நினைவில்தானே? 'நடு' என்னும் வினை முதல் நீண்டு 'நாடு' ஆயிற்று என்பது என் துணிபு; நட்டு விளைவிக்கும் இடம் நாடு, தானே விளைவது காடு. இன்னொன்றையும் கேளுங்கள்: இன்றைய கிரேக்கத்தில் தேசத்தைக் குறிக்கும் சொல்லும் அதே 'கோரா'தான். இரு மொழியும் ஒரே தடத்தில் நடந்திருக்கையில் நாம் ஏன் விலக வேண்டும்?

கோவை, திங்கள் இரவு

நெல்லை ஐயா அவர்களுக்கு வணக்கம். நான் வகுப்பறையில் நிற்பவன். 'மெத்தபோந்தோவின் நாடு' என்று எழுதிப் போட்டால் முதல் வரிசை மாணவன் இத்தாலி என்பான். கடைசி வரிசை மாணவன் அதையும் சொல்ல மாட்டான். 'தமிழ்நாடு', 'வெளிநாடு', 'நாட்டுப்பற்று' என எத்தனையோ இடத்தில் அரசாகவே பழகிவிட்ட சொல்லை இந்த ஓர் இயலுக்காக வயலுக்குத் திருப்ப முடியாது. 'நாட்டுப்புறம்' எனலாம் என்றால் அதில் பாட்டும் கதையும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. 'புறம்' என்ற சொல்லும் வெளி என்னும் பொருளை இழந்து பக்கம் என்று ஆகிவிட்டது. இல்லாவிட்டால் 'நகர்ப்புறம்' நகருக்கு வெளியே அல்லவா இருக்க வேண்டும்? மாறாக 'புறநகர்' தெளிவான சொல், ஆனால் அது மதிலை ஒட்டிய 'ப்ரோஆஸ்தெயோன்' என்பதற்குத்தான் பொருந்தும்.

யாழ்ப்பாணம், செவ்வாய்

'புலம்' என்பதைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் காணிப் பெயர்களில் அச்சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. 'விளைபுலம்' என்றால் கோராவின் வேளாண்மைப் பக்கம் முழுதும் வந்துவிடும். அதோடு, தலைப்பிலுள்ள 'குடியேற்றம்' என்ற சொல்லையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இங்கே அது அரசு வகுத்த குடியேற்றத் திட்டங்களை நினைவூட்டும் சொல். தமிழ்நாட்டில் 'காலனி' என்றால் சாதி நினைவுக்கு வருவது போல. கிரேக்கச் சொல் 'அப்போய்க்கியா', வீட்டை விட்டு அகன்ற மனை என்ற அளவில் நிற்பது. 'பெயர்குடி நகர்' எனலாமா? குடும்பத்துக்குக் குலுக்கிக் கொடுத்த நிலப் பங்காகிய 'கிளேரோஸ்' என்பதற்கு 'காணி'யே போதும் என்பதும் என் கருத்து.

தஞ்சை, செவ்வாய் மாலை

கிளேரோஸ் குறித்து ஒரு வரி: அச்சொல்லின் முதற்பொருள் குலுக்கலில் விழும் சீட்டு. ஊர் நிலத்தைப் பங்காளிகளுக்குள் முறை வைத்து மாற்றிக்கொள்ளும் 'கரையீடு' நம்மிடம் இருந்தது. கரையீட்டில் பங்கு மீண்டும் மீண்டும் கைமாறியதால் நேரே பொருந்தாது. எனினும் 'பங்கு' என்ற சொல்லில் அந்த மணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் காணி என்றதும் ஓர் அளவுதான் முந்தி வரும். கிரிமியாவின் கெர்சொனேசொஸ் நகரத்தார் தம் தீபகற்பத்தை ஏறத்தாழ 400 பங்காக வெட்டினர். ஒவ்வொன்றும் சுமார் 630 மீட்டருக்கு 420 மீட்டர். அதைக் காணி என்றால் எங்கள் பக்கத்து விவசாயி கணக்குக் கேட்பார்.

நெல்லை, செவ்வாய் இரவு

நிலப் பங்கைப் பற்றிப் பேச்சு எழுந்ததால் நெடுநாளாக மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கர் பங்குகளின் எல்லையில் நட்ட கல்லுக்கு 'ஹோரோஸ்' என்று பெயர். குரோவாசியாவின் ஹ்வார் தீவில், கி.மு. 384இல் பாரோஸ் தீவினர் அமைத்த ஃபாரோஸ் நகரின் சமவெளியில், இன்னாரின் மகன் இன்னாரது ஹோரோஸ் என்று பொறித்த கல்லே கிடைத்துள்ளது. ஹோரோஸ், நம் 'ஓரம்'! வயலின் ஓரம், ஆற்றின் ஓரம், துணியின் ஓரம் என எல்லையைச் சுட்டும் சொல் எங்கிருந்து எங்கே போயிற்று என்பதை அறிஞர்கள் ஆராய வேண்டும். யவனர் மிளகை மட்டுமா ஏற்றிச் சென்றனர்?

தஞ்சை, புதன் விடியல்

ஐயா, மன்னிக்க வேண்டும். கோர்க்கிரா தீவின் பழைய கல்வெட்டில் அச்சொல் 'ஓர்வோஸ்' என்று வகர ஒலியோடு இருக்கிறது. அயோனியக் கிளைமொழியில் 'ஊரோஸ்'. நடுவில் இருந்த வகரம் தேய்ந்த பின் வந்த வடிவத்தை எடுத்து நம் ஓரத்தோடு ஒட்டுவது, இரண்டு உடைந்த பானைகளின் விளிம்பு ஒத்திருப்பதால் ஒரே குயவன் என்பது போன்றது. மிளகுக் கப்பல் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே அந்தக் கற்கள் நடப்பட்டுவிட்டன. ஹோரோஸுக்கு 'எல்லைக்கல்' போதும். 'கல்லும் கள்ளியும் நாட்டி' என்று நம் செப்பேடுகளில் படித்துப் பழகியவர்களுக்கு, தென் இத்தாலியின் கிரேக்க நகரான ஹெராக்லெயாவின், 1732இல் கிடைத்த வெண்கலப் பட்டயங்கள் சொந்த வீட்டு ஆவணம் போலவே தோன்றும்: கோவில் நிலத்தைப் பிறர் கவர்ந்துகொண்டதால் மீண்டும் அளந்து, கல் நட்டு, திராட்சையும் ஒலிவமும் நட வேண்டும் என்ற கட்டாயத்தோடு குத்தகைக்கு விட்ட கதை அது.

சென்னை, புதன்

எனக்கு ஒரே கேள்வி. 'கோரா' என்றே எழுதினால் என்ன குறை? யுனெஸ்கோ 2013இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்த பெயரிலேயே கெர்சொனேசொஸும் அதன் கோராவும் என்றுதான் இருக்கிறது.

நெல்லை, புதன்

எழுதலாம், கோரைப் பாயைப் பற்றிய பாடம் என்று எண்ணிக்கொள்வார்கள். கிரேக்கரின் இன்றைய உச்சரிப்பைப் பின்பற்றி 'ஹோரா' என்றால் நல்ல நேரம் பார்க்கும் ஓரையும் வந்து சேரும்.

திருச்சி, புதன் மாலை

அனைவருக்கும் நன்றி. 'சூழ்நாடு' என்று ஒன்று தோன்றுகிறது. நெல்லை ஐயாவின் நாடும் இருக்கிறது. எதைச் சூழ்ந்தது என்று கேட்டால் நகரத்தை என்ற விடையும் கிடைக்கிறது. வினைத்தொகை என்பதால் முக்காலமும் சூழும்.

தஞ்சை, புதன் இரவு

சொல் அழகாக இருக்கிறது, செய்தி ஒத்துவரவில்லை. கெர்சொனேசொஸ் குடிமக்கள் எடுத்த உறுதிமொழி கல்வெட்டாகவே கிடைத்திருக்கிறது. நகரையும், கெர்கினிதிஸையும், காலோஸ் லிமேன் என்னும் 'அழகிய துறை'யையும், மற்றக் கோட்டைகளையும், தாங்கள் ஆள்கின்ற அல்லது ஆண்ட ஏனைய கோராவையும் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று அவர்கள் சூளுரைக்கின்றனர்; சமவெளியின் தானியத்தைத் தம் நகருக்கன்றி வேறெங்கும் விற்க மாட்டேன் என்பதும் அதில் உண்டு. அந்த மேற்குக் கிரிமிய நிலம் நகரைச் சூழவில்லை, கடல்வழியே நெடுந்தொலைவில் கிடந்தது. உரிமைதான் அதைக் கோரா ஆக்கியது.

தீவு நகரங்கள் எதிர்க்கரையில் வைத்திருந்த நிலத்துக்கோ 'பெரையா' என்று தனிப்பெயரே இருந்தது. தாசோஸ் தீவுக்குத் திராக்கியக் கரையில் அப்படி நிலம் இருந்தது. 'பெரான்' என்றால் அப்பால்.

யாழ்ப்பாணம், புதன் இரவு

பெரையா: 'அக்கரை நிலம்'. 

(இதற்கு ஐந்து பேரும் அரை மணி நேரத்துக்குள் உடன்பட்டனர். இக்குழுவில் எனக்குத் தெரிந்து இப்படி நடந்ததில்லை. மட்டுறுத்துநர்.)

கோவை, வியாழன்

உரிமை என்பதே அடிப்படை என்றால் 'நகர்நாடு' எனலாமே: நகரத்துக்கு உரிய நாடு. மாணவனுக்கும் விளங்கும்.

நெல்லை, வியாழன்

தம்பி, அது நகர்கின்ற நாடு, நகர்ந்த நாடு, நகரும் நாடு. 'நகர்ப்புறம்' என்பதில் ஒற்று மிகுந்து வேற்றுமைத்தொகை என்று காட்டிக்கொடுக்கிறது. 'நகர்நாடு' என்பதற்கு அந்த வசதி இல்லை. 'ஊர்நாடு' என்று மாற்றினாலும் அது ஊர்ந்து போகும். தனி 'நாடு' எங்கும் போகாது.

யாழ்ப்பாணம், வியாழன்

மெத்தபோந்தோ கோராவின் பாந்தனெல்லோ இடுகாட்டில் தோண்டிய முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லறைகளில் கிடந்தவர்கள் நிலத்தில் வாழ்ந்து நிலத்திலேயே புதைந்தவர்கள். அவர்களுடைய இடத்துக்கு நகரத்தை முன்னொட்டாக வைப்பது எனக்கு உவப்பாக இல்லை. இருந்தாலும் நாளை வெள்ளி. எதிர்க்கவில்லை.

திருச்சி, வெள்ளி மதியம்

அனுப்பிவிட்டேன். முதலிடத்தில் 'கோரா எனப்பட்ட நகர்நாடு', பிறகெல்லாம் 'நகர்நாடு'. கிளேரோஸுக்கு 'பங்கு'. மெத்தபோந்தோ நிலத்தின் வான்படங்களில் சுமார் 210 மீட்டர் இடைவெளியில் தெரியும் இணைகோடுகளை 'வரப்பு' என்று எழுதியிருந்தேன். அவை வடிகாலா பாதையா என்றே ஆய்வாளர் வாதிட்டிருக்கையில் வரப்பு என்பது தீர்ப்பு சொல்வதாகும் என்பதால் 'பிரிகோடு' என்று மாற்றிவிட்டேன்.

நெல்லை, வெள்ளி

வாழ்த்துகள் அம்மையீர். நூல் வந்ததும் என் படியில் அறுபது இடத்திலும் 'நகர்' என்பதை அடித்துவிடுவேன்.

யாழ்ப்பாணம், வெள்ளி

அக்கரை நிலம் எந்தப் பக்கத்தில் வருகிறது?

திருச்சி, வெள்ளி

வரவில்லை ஐயா. மெத்தபோந்தோ தீவு அல்லவே.